கேட்டது ஒன்று, வந்தது ஒன்று

(கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டப்புறக் குடும்பங்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு மிக்சியை எடுத்துக்கொள்வோம். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கிறது. வீட்டில் இருக்கும் பழைய மிக்சி உளுந்தைப் போட்டாலே புகைகிறது. கைப்பேசியில் தேடுகிறோம், மூன்று ஜார் உள்ள மிக்சி 189 வெள்ளிக்குப் போட்டிருக்கிறான். பணம் கட்டியாகிவிட்டது. ஒரு வாரத்தில் பொட்டலம் வருகிறது. பிரித்துப் பார்த்தால், உள்ளே கயிற்றை இழுத்து வெங்காயம் நறுக்கும் பிளாஸ்டிக் கிண்ணம்!

அடுத்து வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பாட்டி தலையில் அடித்துக்கொள்வார். மகன் விற்றவனுக்குப் புலனத்தில் நான்கு கடுமையான வார்த்தை அனுப்புவான். அம்மா மட்டும் அந்தக் கிண்ணத்தைக் கழுவி அடுக்கி வைத்துவிட்டு, "சரி விடு, வெங்காயம் வெட்டவாவது ஆகுமே" என்பார். அத்தோடு 189 வெள்ளிக்குக் காரியம் முடிந்தது.

இந்தச் "சரி விடு"வைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். விற்பவன் எதிர்பார்ப்பதே அதைத்தான். ஆயிரம் பேருக்குக் கிண்ணம் அனுப்பினால் எத்தனை பேர் சண்டைக்கு வருவார்கள் என்று அவன் கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். நாம் விட்டுக்கொடுப்பதுதான் அவனுக்கு லாபம்.

நம் மக்களிடம் இந்தக் குணம் எப்படி வந்தது? பழைய தோட்டத்தில் பல இடங்களில் கங்காணியே கடையும் வைத்திருந்தார். அரிசி, பருப்பு, துணி எல்லாம் கடனுக்கு; சம்பள நாளில் கழிவு. கொடுத்த அரிசியில் கல் இருந்தாலும் அடுத்த மாதமும் அதே கடைதான். யாரிடம் போய் முறையிடுவது? முறையிட வேண்டிய ஆளே கடைக்காரர். சம்பளத்தை இன்ன இடத்தில், இன்னாரிடம்தான் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போடக்கூடாது. சில்லறைக் கடையில் வைத்துச் சம்பளம் கொடுக்கக்கூடாது. இதை 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தில் எழுதித் தடுக்க வேண்டியிருந்தது என்றால், அந்தப் பழக்கம் எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு வந்தது சீனர் மளிகைக்கடை. மேலட்டையில் 555 என்று போட்ட சின்னக் குறிப்புப் புத்தகத்தில் கடைக்காரத் தவுக்கே கணக்கு எழுதுவார். அந்தக் கடையில் ஒரு வசதி இருந்தது. மண்ணெண்ணெய் கேட்டு வேறு ஏதாவது வந்துவிட்டால் பையனை அனுப்பி மாற்றிக்கொள்ளலாம். தவுக்கேவுக்கு நம் முகம் தெரியும், நமக்கு அவர் வீடு தெரியும். மாதக் கடைசியில் பணம் வர வேண்டுமே என்ற கவலையும் அவருக்கு இருந்தது. அங்கே பணம் கடைசியில்தான் கைமாறும். இயங்கலையில் பணம் முதலில் போய்விடுகிறது. விற்றவன் முகமும் தெரியாது, வீடும் தெரியாது. பழைய பயமும் புதிய தூரமும் சேர்ந்துகொண்டதால் நாம் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

சரி, பொட்டலத்துக்கு வருவோம். நம் பக்கத்தில் அது எப்படி வருகிறது? தோட்ட லயத்துக்குத் தெருப் பெயர் கிடையாது, பல வீடுகளுக்கு எண்ணும் கிடையாது. பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. நம்மில் பாதிப்பேர் இன்னும் பழைய பெயரையே எழுதுகிறோம். எழுதுங்கள், தப்பில்லை, ஆனால் 45600 என்ற அஞ்சல் எண்ணை விட்டுவிடாதீர்கள். கோலசிலாங்கூர் டவுனுக்கு 45000, தஞ்சோங் காராங்குக்கு 45500. எண் மாறினால் பொட்டலம் வேறு கிடங்குக்குப் போய் இரண்டு மூன்று நாள் சுற்றிவிட்டு வரும்.

கொண்டுவரும் பையன் தோட்டத்துக்குள் வீடு வீடாகத் தேட மாட்டான். காவல் சாவடியிலோ, கோயில் திண்ணையிலோ, முச்சந்திக் கடையிலோ வைத்துவிட்டு, ஒரு படம் பிடித்து, "கொடுத்தாயிற்று" என்று பதிவு செய்துவிடுவான். நீங்கள் செம்பனைக் காட்டில் இருப்பீர்கள். வெள்ளிக்கிழமை வந்த பொட்டலத்தைத் திங்கள் மாலை எடுத்துப் பிரிப்பீர்கள். ஆனால் நீங்கள் வாங்கிய இயங்கலைத் தளத்தில் பொருளைத் திருப்பித் தரும் கெடு அவன் படம் பிடித்த நிமிடத்திலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது. அந்தக் கெடு தளத்துக்குத் தளம், கடைக்குக் கடை மாறும். கெடு முடிந்துவிட்டால் தளம் பிடித்து வைத்திருந்த பணம் தானாகவே விற்றவன் கணக்குக்குப் போய்விடும்.

ஆகவே பொட்டலம் வந்ததும் அன்றைக்கே பிரியுங்கள். பிரிப்பதற்கு முன் மேலே ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். ஆர்டர் எண்ணும் அனுப்பியவர் பெயரும் எல்லாரும் பார்ப்பதுதான். எடை எழுதியிருக்கும் கட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. மிக்சி என்றால் மோட்டார், மூன்று ஜார், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்ந்து சில கிலோ வரும். சீட்டில் அரைக் கிலோ என்று இருந்தால், பெட்டி விற்றவன் கையை விட்டுக் கிளம்பும்போதே உள்ளே மிக்சி இல்லை. வழியில் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று அவன் பிறகு சொல்ல முடியாது. அவன் தரப்பு ஒட்டிய சீட்டே அவனுக்கு எதிரான சாட்சி.

பிரிப்பதை விடாமல் காணொளி எடுங்கள். சீட்டில் தொடங்கி, ஒட்டிய டேப்பைக் காட்டி, வெட்டி, உள்ளே இருப்பதை வெளியே எடுத்து வைக்கும்வரை நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால், இடையில் நீங்களே மாற்றிவிட்டீர்கள் என்பான். பிள்ளையைக் கைப்பேசியைப் பிடிக்கச் சொல்லுங்கள். படம் பிடிப்பதில் அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். விளம்பரப் பக்கத்தையும் அப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் போனதும் அந்தப் பக்கம் மறைந்துவிடும். அல்லது "மிக்சி" என்று இருந்த இடத்தில் "சமையலறைக் கருவி" என்று இருக்கும்.

காணொளிக்கு எவ்வளவு பலம் என்பதற்குக் கேரளத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2021 அக்டோபரில் ஆலுவாவில் ஒருவர் எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல் கட்டி ஐபோன் 12 வாங்கினார். பெட்டியில் இருந்தது பாத்திரம் தேய்க்கும் சோப்புக்கட்டியும் ஓர் ஐந்து ரூபாய் நாணயமும். பொட்டலம் வழியில் சேலத்தில் ஒருநாள் நின்றதைக் கவனித்து அவருக்கு முன்பே சந்தேகம். எனவே கொண்டுவந்தவர் முன்னிலையிலேயே காணொளி எடுத்துக்கொண்டு பிரித்தார். சைபர் போலீஸ் அந்தப் போனின் அடையாள எண்ணை வைத்துத் தேடியபோது, அது ஜார்க்கண்டில் வேறொருவர் கையில் ஓடிக்கொண்டிருந்தது. பணம் அவருக்குத் திரும்பி வந்தது. காணொளி இல்லாவிட்டால் "சோப்பு வந்தது" என்று சொல்லும் மனிதரை யார் நம்பியிருப்பார்கள்?

இனி ஒரு முக்கியமான விஷயம். செயலியில் "பொருள் கிடைத்துவிட்டது" என்று ஒரு பொத்தான் இருக்கும். பொருளைப் பார்க்காமல் அதை அமுக்காதீர்கள். அமுக்கினால் காசுப் புள்ளி கிடைக்கும் என்று ஆசை காட்டுவான். அமுக்கிய கையோடு பணம் விற்றவனுக்குப் போய்விடும். அதன் பக்கத்திலேயே திருப்பித் தருவதற்கான பொத்தானும் இருக்கும். அதை அமுக்கி, "தவறான பொருள்" என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்துக் காணொளியை ஏற்றுங்கள். "மனம் மாறிவிட்டது" என்பதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். அனுப்பும் செலவு உங்கள் தலையில் விழலாம். விற்றவன் புலனத்துக்கு வாருங்கள், பேசிக்கொள்ளலாம் என்பான். போகாதீர்கள். தளத்துக்குள் பேசுவது மட்டும்தான் தளத்தின் பதிவில் இருக்கும். "20 வெள்ளி தருகிறேன், புகாரை மீட்டுக்கொள்ளுங்கள்" என்பதும் வழக்கம். அதை ஏற்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் மீட்ட புகாரை மறுபடி திறப்பது கடினம்.

தளம் உங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னால் நல்லது. சொல்லாவிட்டால்? நம்மில் பெரும்பாலோர் அங்கேயே நின்றுவிடுகிறோம். தளத்தின் விதி ஒரு நிறுவனம் தனக்கு எழுதிக்கொண்ட விதி. அதற்கு மேலே நாட்டின் சட்டம் இருக்கிறது.

1957-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. 1930-இல் இந்தியாவில் போட்ட சட்டத்தைத் தழுவி எழுதியது அது. பிரிவு எண்கள்கூடப் பல இடங்களில் அப்படியே இருக்கும். விவரித்துச் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று அது சொல்கிறது. ஒத்துப்போகாததை வாங்கியவர் மறுக்கலாம். மறுத்ததைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கும் கடமையும் அவருக்கு இல்லை. "ஏற்கமாட்டேன்" என்று தெரிவித்தால் போதும்.

1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் நமக்கு நெருக்கமானது. முதலில் வந்தபோது அதில் ஒரு பெரிய ஓட்டை: மின்னியல் வழி நடக்கும் வாணிபத்துக்கு அது பொருந்தாது என்று எழுதியிருந்தது. 2007-இல் திருத்தி அந்த ஓட்டையை அடைத்தார்கள். விவரத்திலிருந்து பொருள் பெரிதாக மாறியிருந்தால் வாங்கியவர் அதை நிராகரிக்கலாம். பணம் வேண்டுமா, சரியான பொருள் வேண்டுமா என்பதை வாங்கியவர்தான் முடிவு செய்வார். விற்றவன் முடிவு செய்ய முடியாது. பணம் என்றால் பணம்தான். அடுத்த முறை வாங்கப் புள்ளி தருகிறேன், கூப்பன் தருகிறேன் என்பது பணம் ஆகாது. இந்தச் சட்டப்படி, நிராகரித்த பொருளைப் பொதுவாக நாம் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் அலமாரி, துணி துவைக்கும் எந்திரம் மாதிரி பெரிய சாமானாக இருந்து, திருப்பி அனுப்பவே நிறையச் செலவாகும் என்றால் விற்றவன்தான் தன் செலவில் வந்து எடுத்துப் போக வேண்டும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அவன் பக்கத்தில் எழுதியிருந்தாலும் இந்த உரிமை போகாது. சட்டம் கொடுத்த உரிமையை விற்பவன் ஒரு வரி எழுதி எடுத்துவிட முடியாது.

ஆனால் காலம் கடத்தாதீர்கள். கிண்ணத்தில் ஆறு மாதம் வெங்காயம் வெட்டிவிட்டு "இது நான் கேட்டதில்லை" என்றால் யாரும் ஏற்கமாட்டார்கள். அந்த அம்மா அதைக் கழுவி அடுக்கிலே வைத்தாரே, அதுதான் எனக்கு வருத்தம். வந்த பெட்டியிலேயே, வந்தபடியே வைத்திருக்க வேண்டும்.

ஒருவேளை தவறு உங்களுக்குச் சாதகமாக நடந்தால்? கைப்பேசி உறைக்கு ஆர்டர் போட்டவருக்குக் கைப்பேசியே வந்துவிடுகிறது. இங்கே சிரிக்கிறீர்கள். 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் சிரிக்கவில்லை: தவறுதலாகக் கொடுக்கப்பட்டதைத் திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. தெரிவித்துவிட்டு, வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்து நம் சகோதரிகள் முகநூலில் நேரலையாகச் சேலை விற்பது. இதைப் பற்றிப் பேசக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. ஏனென்றால் விற்பவர் பலர் நம்மைப் போன்ற வீட்டுப் பெண்கள். பிள்ளைகளைப் படிக்க வைக்கப் பாடுபடுகிறவர்கள். இரவு நேரலையில் நூறு சேலை காட்டி, எண் சொல்லி, விடிய விடியப் பொட்டலம் கட்டினால் 17-ஆம் எண் சேலை 71 கேட்டவருக்குப் போகத்தான் செய்யும். முதலில் மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் மாற்றித் தந்துவிடுவார்கள். ஆனால் மாற்றித் தருவது அவர்கள் காட்டும் தயவு என்று நினைக்காதீர்கள்; சட்டம் அவர்களுக்கும் பொருந்தும். இயங்கலை வாணிபத்துக்கென்று தனி விதிகள் 2013 ஜூலையிலிருந்து இருக்கின்றன. 2024 இறுதியில் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன. விற்பவர் தன் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், அனுப்பும் செலவு சேர்த்த முழு விலை எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "விலைக்கு உள்பெட்டியில் வாருங்கள்" என்கிற கடையில் வாங்காமல் இருப்பதே நல்லது.

விற்பவர் தன் சொந்த வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால், அனுப்பும் முன் போலீசின் "செமாக் மியூல்" பக்கத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள். புகாரில் சிக்கிய கணக்கு என்றால் காட்டும். பணம் வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போனால் அது தவறான பொருள் விவகாரம் கிடையாது, மோசடி. உடனே 997-க்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் அமைத்த தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் பிடிக்க வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் கிடைக்காது.

நான் ஆர்டரே போடவில்லை, பையன் வந்து 39 வெள்ளி கொடுங்கள் என்கிறான் என்று சிலர் சொல்கிறீர்கள். கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மருமகள் வாங்கியது போலும் என்று அவர்கள்தான் கொடுத்துவிடுகிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து விற்பவன் விஷயத்தில் உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர மாட்டேன். சீனாவில் ஒரு கிடங்கில் இருப்பவனை இங்கே இழுத்து வந்து நிறுத்த முடியாது. அங்கே தளத்தின் கெடுவும் உத்தரவாதமும்தான் உங்களுக்கு ஆயுதம். கடன் அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடம் பணத்தைத் திருப்பக் கேட்கலாம். வெளிநாட்டுப் பொருளா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. 2024 ஜனவரி முதல் 500 வெள்ளிக்கு மேற்படாத இறக்குமதிப் பொருள்களை இயங்கலையில் வாங்கினால் 10 விழுக்காடு விற்பனை வரி. பணம் கட்டும் பக்கத்தில் அந்த வரி தென்பட்டால் பொருள் கடல் தாண்டி வருகிறது என்று அர்த்தம். அங்கேயே ஒரு நிமிடம் யோசியுங்கள்.

விற்றவன் உள்நாட்டில் இருக்கிறான், தளம் கைவிட்டது, அவனும் பதில் சொல்லவில்லை என்றால் உள்நாட்டு வாணிப அமைச்சிடம் 1-800-886-800 என்ற எண்ணில் புகார் செய்யலாம். பணமே திரும்ப வேண்டும் என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மலாயில் திரிபுனல் என்றே எல்லாரும் சொல்வது. தொடங்கியபோது 10,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைத்தான் அது விசாரித்தது. 2003-இல் அது 25,000 ஆனது, 2019-இல் 50,000. கட்டணம் எவ்வளவு தெரியுமா? ஐந்து வெள்ளி. ஒரு தட்டு நாசி லெமாக் காசு. 189 வெள்ளி மிக்சிக்கெல்லாம் வழக்கா என்று வெட்கப்படாதீர்கள். இப்படிப்பட்ட சின்னத் தொகைகளுக்காகவே கட்டியது அது. சங்கடம் வந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். ஒன்றாம் பாரத்தை நேரில் வாங்கியும் நிரப்பலாம், இயங்கலையிலும் போடலாம். யுனிசெல் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் அரை மணி நேர வேலை.

விற்பதற்காக வாங்கியவர்களுக்கு மட்டும் இந்தக் கதவு திறக்காது. மொத்தமாக முப்பது சேலை வாங்கிப் பசார் மாலாமில் விற்கிறவரைச் சட்டம் பயனீட்டாளராகக் கருதாது. அவருக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவு இருக்கிறது. 5,000 வெள்ளி வரை.

தீர்ப்பாயப் பாரத்தில் கதை எழுதாதீர்கள். மன உளைச்சல், தீபாவளி கெட்டது, பாட்டி அழுதார் எல்லாம் வேண்டாம். "இன்ன தேதியில், இன்ன தளத்தில், இன்ன கடையில், இன்ன மாடல் மிக்சிக்கு 189 வெள்ளி கட்டினேன். இன்ன தேதியில் வந்த பொட்டலத்தில் வெங்காயம் நறுக்கும் கிண்ணம் இருந்தது. சீட்டில் எடை இவ்வளவு. இன்ன தேதியில் நிராகரித்துத் தெரிவித்தேன். பணத்தைத் திருப்பிக் கேட்கிறேன்." இவ்வளவுதான். ஸ்கிரீன்ஷாட், சீட்டு, வங்கி ரசீது எல்லாவற்றையும் தாளில் அச்செடுத்துத் தேதிவாரியாக அடுக்குங்கள். கைப்பேசியைத் தள்ளித் தள்ளிக் காட்டினால் யாருக்கும் பொறுமை இருக்காது.

எதிர்த்தரப்பு பதினான்கு நாளில் பதில் மனு போட வேண்டும். விசாரணை நாளில் வழக்கறிஞர் யாரும் இருக்க மாட்டார். பெரிய நிறுவனமானாலும் அதன் முழுநேர ஊழியர் ஒருவர்தான் வந்து உங்களுக்கு எதிரே உட்கார வேண்டும். மலாயில் கேட்பார்கள், பசாரில் பேசுகிற மலாயே போதும், எஸ்பிஎம் மலாய் தேவையில்லை. முதலில் இருவரையும் சமாதானமாகப் போகச் சொல்லிப் பார்ப்பார்கள். முழுத்தொகையும் தருவதாக அவர் சொன்னால் ஒப்புக்கொண்டு, என்றைக்குள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் வராமலே இருந்தாலும் தீர்ப்பு நடக்கும். நீங்கள் வராவிட்டால் கோரிக்கை தள்ளுபடியாகிவிடும். ஆகவே அன்றைக்கு லீவு போட்டுவிடுங்கள், கிராணியிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

தீர்ப்பு வந்தபின் பதினான்கு நாளுக்குள் அவர் பணம் தர வேண்டும். தராமல் இருப்பது குற்றம்: 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பதினைந்தாம் நாள் காலையில் கணக்கைப் பாருங்கள். 189 வெள்ளி வந்திருக்காவிட்டால் தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டு அமைச்சின் அமலாக்கப் பிரிவில் புகார் கொடுங்கள். அதற்குப் பிறகு அவரைத் தேடிப் போக வேண்டியது அவர்கள் பொறுப்பு.